கடைமடைக்கும் தண்ணீர் வேண்டும்: ஏழை வீட்டுக்கு இன்டர்நெட்

(ராஜபாளையத்தில் பஞ்சாலைத் தொழிலாளர்களும், ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு வட்டாரங்களைச் சேர்ந்த விவசாயத் தொழிலாளர்களும் கூடியிருந்த கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கூலி உயர்வு, பஞ்சப்படி, போனஸ், பட்டா, குடிதண்ணீர் – இவற்றைப் பற்றிப் பேசத்தான் நாம் வழக்கமாகக் கூடுகிறோம். இன்று பேசச் சொல்லியிருக்கும் விஷயம் வேறு. வீட்டுக்கு வரும் இன்டர்நெட்டைப் பற்றி, அதை ஏழை எந்த விலைக்கு வாங்க முடியும் என்பதைப் பற்றி இன்று பேசப்போகிறேன்.

"வயிற்றுக்கே வழியில்லை, நெட் ஒரு கேடா?" என்று பின்வரிசையில் ஒரு பெரியவர் கேட்டது என் காதில் விழுந்தது. நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் மேலே போனால் இந்தக் கூட்டம் நடத்தியதில் பிரயோஜனமில்லை.

ஐயா, நெட் இல்லாமல் நீங்கள் வாழ முடியும். ஆனால் சர்க்காரும் முதலாளியும் உங்களை அப்படி வாழ விடவில்லையே! நூறு நாள் வேலையில் மண்வெட்டி பிடித்தவர்களைக் கேட்கிறேன். 2023 ஜனவரி 1 முதல் என்ன செய்தார்கள்? காலையில் ஒரு படம், மத்தியானம் ஒரு படம், செல்போனில் பிடித்து ஏற்றினால்தான் வருகைப் பதிவு என்றார்கள். சிக்னல் கிடைக்காத இடத்தில் வேலை செய்தவனின் வருகை பதிவாகவில்லை என்ற புகார் நாடெங்கும் எழுந்தது. முதுகு வளைந்தது உண்மை, வியர்வை சிந்தியது உண்மை; ஆனால் படம் ஏறாவிட்டால் கூலி சந்தேகம்! அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டு 2025 டிசம்பரில் வேறு சட்டம் கொண்டுவந்தார்கள். அதிலும் டிஜிட்டல் பதிவு என்ற ஏற்பாடுதான்.

மில் தொழிலாளிகளைக் கேட்கிறேன். உங்கள் பி.எஃப். பணம் எவ்வளவு என்று எங்கே பார்க்கிறீர்கள்? பணம் எடுக்க மனு எப்படிப் போடுகிறீர்கள்? எல்லாம் நெட் வழியாக. கடைக்காரரிடம் போய், உங்கள் நம்பரையும் ரகசிய எண்ணையும் அவர் கையில் கொடுத்து, அவர் கேட்கும் கூலியையும் கொடுத்து வருகிறீர்கள். முப்பது வருஷம் நூல் இழுத்த பணம். அதைப் பார்க்க இன்னொருவன் தயவு!

பிள்ளைகளின் கதை என்ன? 2018 முதல் இந்த மாநிலத்தில் பொறியியல் கலந்தாய்வு இணைய வழியில்தான் நடக்கிறது. அரசு கலைக் கல்லூரி விண்ணப்பமும் இணைய வழியில்தான். உதவி மையங்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் எந்தக் கல்லூரி, எந்தப் பாடம், எந்த வரிசை என்று நாலு நாள் உட்கார்ந்து யோசித்துத் தேர்வு செய்ய வேண்டிய விஷயத்தை, மையத்தில் வரிசையில் நின்று பத்து நிமிஷத்தில் முடிக்கிறது நம் வீட்டுப் பெண். பணக்காரர் வீட்டுப் பிள்ளை தன் மேஜையில் உட்கார்ந்து பத்துத் தடவை மாற்றிப் பார்க்கிறது. மதிப்பெண் சமமாக இருந்தாலும் வாய்ப்பு சமமில்லை.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது நாம் இதைக் கண்ணால் கண்டோம். பள்ளிக்கூடம் மூடியது; பாடம் போனுக்கு வந்தது. என் வீட்டில் மூன்று பேரப்பிள்ளைகளுக்கு ஒரு போன். மேற்கே மலை, வீட்டுக்குள் சிக்னல் எட்டாது. மூத்தவள் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து படித்தாள். அவள் அப்பன் இரண்டாம் ஷிஃப்டுக்குப் போனைத் தூக்கிக்கொண்டு போனதும் அன்றைய பள்ளிக்கூடம் முடிந்தது. அதற்கு முன்பே சர்க்காரின் சொந்தக் கணக்கெடுப்பு இதைச் சொல்லியிருந்தது. 2017-18-இல் எடுத்த தேசிய மாதிரி ஆய்வின்படி நகரத்து வீடுகளில் நூற்றுக்கு 42-இல் நெட் வசதி இருந்தது. கிராமத்து வீடுகளில் நூற்றுக்கு 15-இல்தான் இருந்தது.

ஆகவே பெரியவரே, நெட் நமக்கு ஆடம்பரம் என்று நாம் சொல்லலாம். அதைக் கட்டாயமாக்கியவர்கள் அப்படிச் சொல்ல முடியாது. கட்டாயம் என்றால் எட்டும் விலையில் கொடு – இதுதான் நம் வாதம்.

இந்த வாதத்தைக் கோர்ட்டும் ஒருவகையில் ஒப்புக்கொண்டிருக்கிறது. விடுதியில் செல்போனுக்கு விதித்த தடையை எதிர்த்துக் கோழிக்கோடு பக்கத்துக் கல்லூரி மாணவி ஒருத்தி வழக்குப் போட்டாள். 2019 செப்டம்பரில் கேரள ஹைகோர்ட், இன்டர்நெட்டைப் பயன்படுத்தும் உரிமை கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கியது என்று தீர்ப்பளித்தது. 2020 ஜனவரியில், காஷ்மீர் வழக்கில், இன்டர்நெட் மூலம் பேசுவதும் தொழில் செய்வதும் அரசியல் சட்டத்தின் பாதுகாப்புக்கு உட்பட்டவை என்று சுப்ரீம் கோர்ட் கூறியது. உரிமை காகிதத்தில் இருக்கிறது. அதை வீட்டுக்குள் கொண்டுவருவது நம் வேலை.

பதின்மூன்றாவது மாதம்

இப்போது கணக்குக்கு வருவோம். நமக்குக் கணக்குத் தெரியாது என்ற தைரியத்தில்தான் பல கம்பெனிகள் வியாபாரம் செய்கின்றன.

வருஷத்துக்கு எத்தனை மாதம்? பன்னிரண்டு. மில்லில் உங்களுக்கு எத்தனை மாதச் சம்பளம்? பன்னிரண்டு. ஆனால் போனுக்கு எத்தனை முறை ரீசார்ஜ் செய்கிறீர்கள்? பதின்மூன்று முறை! ஏன்? அவர்கள் 'மாதம்' என்பது 28 நாள். 28-ஐப் பதின்மூன்றால் பெருக்கிப் பாருங்கள், 364. வருஷம் முடிந்துவிட்டது. பன்னிரண்டு மாதம் சம்பளம் வாங்குகிறவன் பதின்மூன்று மாதம் கட்டணம் கட்டுகிறான். முப்பது நாளுக்கான திட்டம் ஒன்றாவது ஒவ்வொரு கம்பெனியும் வைக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2022 ஜனவரியில் உத்தரவு போட்டது. அந்தத் திட்டம் இருக்கிறது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? கடைக்காரர் அதைச் சொல்வதில்லை, நாம் கேட்பதில்லை.

ஒரு வீட்டில் மூன்று போன் என்று வைத்துக்கொள்வோம். அப்பன் ஒன்று, அம்மா ஒன்று, படிக்கும் பிள்ளை ஒன்று. கணக்குக்கு ஒரு தடவை ரீசார்ஜ் 300 ரூபாய் என்று வையுங்கள். மூன்று போனுக்கு 900. பதின்மூன்று தடவைக்கு ரூ. 11,700. ஒரு கூலிக் குடும்பம் வருஷத்துக்கு ரூ. 11,700 கட்டுகிறது. இது சின்னத் தொகையா?

இந்தப் பணத்துக்குக் கிடைப்பது என்ன? நாளுக்கு ஒன்றரை ஜி.பி., இரண்டு ஜி.பி. என்று அளந்து ஊற்றுகிறார்கள். செலவழிக்காத மிச்சம் நள்ளிரவில் போய்விடும். இரண்டாம் ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வருகிறவனுக்கு அன்றைய நாளே முடிந்திருக்கும்! காசு கொடுத்து வாங்கிய பொருளை ராத்திரியில் திரும்பப் பிடுங்கிக்கொள்ளும் கடை வேறு எங்காவது உண்டா?

சரி, வீட்டுக்கு ஒரு கண்ணாடி இழை இணைப்பு – ஃபைபர் என்கிறார்களே, அதை வாங்கினால் என்ன ஆகும்? நாம் கண்ணை மூடிக்கொண்டு 'லாபம்' என்று சொல்லக்கூடாது. கணக்குப் பார்ப்போம்.

இணைப்புக் கட்டணம் மாதம் 400 என்று வையுங்கள். அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. ஆக 472. பன்னிரண்டு மாதத்துக்கு ரூ. 5,664. வெளியே போகும் தகப்பனுக்கு நெட் உள்ள ரீசார்ஜ் ஒன்று வேண்டும். அது பதின்மூன்று தடவைக்கு ரூ. 3,900. மற்ற இரண்டு போனும் பேசுவதற்கு மட்டும் இருந்தால் போதும். பேச்சுக்கு மட்டுமான திட்டம் வைக்க வேண்டும் என்று 2024 டிசம்பரில் ஆணையம் உத்தரவிட்டிருக்கிறது. அதற்குத் தலைக்கு 150 என்று வைத்தால், இரண்டுக்கும் சேர்ந்து வருஷத்துக்கு இன்னொரு ரூ. 3,900. மொத்தம் எவ்வளவு? ரூ. 13,464. முன்பு கட்டியதைவிட ரூ. 1,764 கூடுதல்!

தோழர்களே, இங்கேதான் கூர்ந்து கவனிக்க வேண்டும். வேகம் அதிகம், அளவு அதிகம். பல ஃபைபர் திட்டங்களில் மாதம் 3,300 ஜி.பி. வரை வருகிறது. நாளுக்கு ஒன்றரை ஜி.பி. ரீசார்ஜில் 28 நாளைக்குக் கிடைப்பது 42 ஜி.பி.தான். பொருள் என்று பார்த்தால் இழை பல மடங்கு மலிவு. ஆனால் கையிலிருந்து போகும் காசு என்று பார்த்தால் ஏழைக்கு அது கூடுதல் சுமை. மூட்டையாக வாங்கினால் அரிசி மலிவு. மூட்டை வாங்கக் காசு உள்ளவனுக்குத்தானே அந்த மலிவு!

அப்படியானால் எந்த விலைக்குக் கொடுத்தால் நம் வீட்டுக்கு நஷ்டமில்லை? இப்போது கட்டும் ரூ. 11,700-இலிருந்து, போன்களுக்குக் கட்டியே தீர வேண்டிய ரூ. 7,800-ஐக் கழியுங்கள். மிச்சம் ரூ. 3,900. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 325 ரூபாய். அதில் ஜி.எஸ்.டி. போனால் சுமார் 275 ரூபாய். நம் கோரிக்கையின் எண் இதுதான். வரியோடு சேர்த்து 325 ரூபாய்க்குள் வர வேண்டும். உங்கள் வீட்டு எண்களைப் போட்டு நீங்களே கணக்குப் பாருங்கள், கொஞ்சம் முன்னே பின்னே வரும். ஆனால் எண் இல்லாத கோரிக்கை வெறும் புலம்பல். கூலிப் பேச்சுவார்த்தைக்கு எண்ணில்லாமல் போவோமா?

கண்மாய் நிறைந்தது, கடைமடை காய்கிறது

275 ரூபாய்க்குக் கொடுத்தால் கட்டுப்படியாகாது என்பார்கள். உண்மையா? அந்தப் பொருள் எப்படி வருகிறது என்று பார்ப்போம்.

தலைமயிர் போன்ற மெல்லிய கண்ணாடி இழை. அதற்குள் ஒளி ஓடுகிறது. ஒளிதான் செய்தியைச் சுமக்கிறது. எக்ஸ்சேஞ்சிலிருந்து புறப்படும் ஓர் இழையைத் தெருமுனையில் ஒரு சின்னப் பெட்டி பல கிளைகளாகப் பிரிக்கிறது. 32 வீடு, 64 வீடு என்று கொடுக்கலாம். இன்று பரவலாக உள்ள முறையில் அந்த ஓர் இழையின் கொள்ளளவு சுமார் 2,500 எம்.பி.பி.எஸ். (டாக்டர் படிப்பு அல்ல தோழர்களே, வேகத்தின் அளவு!) ஒரு வீட்டுக்கு 20 என்று வைத்தால், 64 வீடும் ஒரே நேரத்தில் திறந்தாலும் 1,280தான் ஆகிறது. பாதி மிச்சம்! அதாவது இழையை ஒருமுறை தெருவுக்குக் கொண்டுவந்துவிட்டால், இன்னொரு வீட்டுக்குக் கொடுப்பதற்கு ஆகும் செலவு கொஞ்சம் கம்பி, ஒரு பெட்டி, ஓர் ஆள் கூலி. அவ்வளவுதான். அரிசி போல ஒருவன் தின்றால் இன்னொருவனுக்கு இல்லாமல் போகும் பொருள் அல்ல இது.

செலவெல்லாம் எங்கே? தெருவுக்கு இழையைக் கொண்டுவருவதில். அந்தச் செலவைப் பெரும்பாலும் யார் செய்திருக்கிறார்கள்? ஜனங்கள்! 2002-இல் மத்திய சர்க்கார் ஒரு நிதி தொடங்கியது. தொலைபேசிக் கம்பெனிகளின் வருமானத்தில் 5 சதவீதம் அதற்குப் போகிறது. கம்பெனி எங்கிருந்து கொடுக்கிறது? நம் ரீசார்ஜிலிருந்து. அந்த நிதியைக் கொண்டு இரண்டரை லட்சம் கிராமப் பஞ்சாயத்துகளுக்கு இழை கொண்டுபோகும் திட்டத்தை 2011 அக்டோபரில் ஏற்றார்கள். பிறகு அதற்கு 'பாரத்நெட்' என்று பெயர் வைத்தார்கள். நம் மாநிலத்தில் 12,525 கிராமப் பஞ்சாயத்துகளுக்கு அதைக் கொண்டுவரும் வேலை, இதற்கென்றே 2018-இல் அமைத்த 'டான்ஃபினெட்' என்ற அரசுக் கார்ப்பரேஷனிடம் இருக்கிறது.

பஞ்சாயத்து ஆபீஸ் வரை இழை. அதற்கு அப்பால்? வத்திராயிருப்பு விவசாயிக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கண்மாய் நிறையத் தண்ணீர் நிற்கிறது; மடையைத் திறந்து வாய்க்கால் வெட்டாவிட்டால் கடைமடை வயல் காய்ந்துதான் கிடக்கும். 2023 ஆகஸ்டில் மத்திய மந்திரி சபை பாரத்நெட்டைத் திருத்தி ரூ. 1,39,579 கோடி ஒதுக்கியது. கிராமங்களில் ஒன்றரைக் கோடி வீடுகளுக்கு இணைப்பு என்ற இலக்கையும் சேர்த்தது. இதன் அர்த்தம் என்ன? பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் இழை நின்றால் போதாது என்பதைப் பன்னிரண்டு வருஷம் கழித்து அவர்களே ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொண்டதை நிறைவேற்ற வைப்பது நம் பொறுப்பு.

தனியார் கம்பெனிகளை நம்பலாமா? 2016 செப்டம்பரில் ஒரு கம்பெனி 'இலவசம், இலவசம்' என்று வந்தது. சின்னக் கம்பெனிகள் பல மடிந்தன. 2021-இல் எல்லோரும் கட்டணம் உயர்த்தினார்கள். 2024 ஜூலையில் மூன்று பெரிய கம்பெனிகளும் ஒரே வாரத்தில் மீண்டும் உயர்த்தின. நமக்கு ஒரு ரூபாய் கூலி உயர மூன்று வருஷப் பேச்சுவார்த்தை. அவர்களுக்கு ஒரு வாரம் போதும்! பொதுத்துறையான பி.எஸ்.என்.எல். எங்கே போயிற்று? 2020 ஜனவரியில் 78,000-க்கு மேற்பட்ட ஊழியர்கள் விருப்ப ஓய்வு என்ற பெயரில் வெளியே போனார்கள். நாடு முழுவதற்குமான அதன் 4ஜி சேவை முறைப்படி தொடங்கியது 2025 செப்டம்பரில், அந்தத் தனியார் கம்பெனி வந்து ஒன்பது வருஷம் கழித்து. போட்டி என்பது இரண்டு பேர் ஓடுவது. ஒருவன் காலைக் கட்டிவிட்டு ஓடச் சொல்வது போட்டியல்ல.

இரண்டு வழிகள்

மலைக்கு அந்தப் பக்கம் பாருங்கள். கேரள சர்க்கார் 'கே-ஃபோன்' என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. மின்சார வாரியத்தின் கம்பங்களிலேயே இழையைக் கட்டி, 2023 ஜூன் 5-இல் தொடங்கி வைத்தார்கள். 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவசம் என்பது இலக்கு. முதல் கட்டத்தில் தொகுதிக்கு நூறு குடும்பம் வீதம் 140 தொகுதிகளில் 14,000 குடும்பங்கள் என்று அறிவித்தார்கள். மற்றவர்களுக்குத் தொடக்க விலை மாதம் 299 ரூபாய், வேகம் 20. நம் கணக்கில் வந்த 275-க்கு எவ்வளவு அருகில் என்று பாருங்கள்! அங்கே எல்லாம் சுபமாக முடிந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். இருபது லட்சம் எங்கே, பதினாலாயிரம் எங்கே? தாமதம் இருந்தது, விமர்சனமும் இருந்தது. ஆனால் இழை ஜனங்களின் சொத்து. இன்று நூறு வீட்டுக்குப் போனால் நாளை ஆயிரம் வீட்டுக்குப் போகச் சொல்லிக் கேட்க ஒரு வாசல் இருக்கிறது.

அமெரிக்கா வேறு வழியில் போனது. ஏழைக் குடும்பத்துக்கு மாதம் 30 டாலர் வரை நெட் கட்டணத்தில் தள்ளுபடி. அந்தப் பணத்தைச் சர்க்கார் கம்பெனிக்குக் கொடுக்கும். 2021 கடைசியில் தொடங்கியது. சுமார் 2 கோடி 30 லட்சம் குடும்பங்கள் சேர்ந்தன. 2024-இல் பணம் தீர்ந்தது. ஜூன் 1-ஆம் தேதி திட்டம் நின்றது. கோடிக்கணக்கான டாலர் போனது. ஏழை கையில் மிஞ்சியது என்ன? ஒரு முழக் கம்பிகூட இல்லை! அதே அமெரிக்காவில் சட்டனூகா என்ற ஊரில், ஊருக்குச் சொந்தமான மின்சார வாரியம் 2010-க்குள் தன் சொந்த இழையை ஊர் முழுவதும் போட்டிருந்தது. 2020-இல் தொற்று வந்தபோது ஏழை மாணவர் வீடுகளுக்கு அந்த இழையிலேயே இலவச இணைப்புக் கொடுக்க அதனால் முடிந்தது. வாடகை வீட்டுக்கும் சொந்த வீட்டுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

நம் மாநிலத்திலேயே முன்மாதிரி இல்லையா? 2011-இல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். படம் பார்க்கச் சர்க்கார் கம்பி இழுக்கலாம் என்றால், படிக்க ஏன் இழுக்கக் கூடாது? 2016 மே முதல் வீட்டு மின்சாரத்தில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று கொடுக்கிறார்களே, அதே நியாயம் இதற்குப் பொருந்தாதா? மின்சாரமும் இப்படித்தான் வந்தது. 1932-இல் பைகாரா, 1944-இல் பாபநாசம். மின்சாரம் முதலில் மில்லுக்குப் போனது, பிறகு பங்களாவுக்குப் போனது, கடைசியில்தான் குடிசைக்கு வந்தது. குடிசைக்குத் தானாக வரவில்லை. கேட்டதால் வந்தது.

நாம் செய்ய வேண்டியது

கோரிக்கை வைப்பது பாதி வேலைதான். நம் கையால் செய்ய வேண்டியவை சில உண்டு.

முதலாவது, கணக்கெடுப்பு. சத்திரப்பட்டி, சேத்தூர், தளவாய்புரம், மம்சாபுரம், சுந்தரபாண்டியம் – எந்த ஊரானாலும் தெருவுக்கு இரண்டு பேர் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு புறப்படுங்கள். வீட்டில் எத்தனை போன், வருஷத்துக்கு எவ்வளவு ரீசார்ஜ், படிக்கும் பிள்ளை எத்தனை, வீட்டுக்குள் சிக்னல் உண்டா, பஞ்சாயத்து ஆபீஸுக்கு இழை வந்துவிட்டதா, வந்த இழை வேலை செய்கிறதா? பெயர் தேவையில்லை, எண் போதும். ஒரு தெருவில் இருபது வீடு சேர்ந்து கேட்டால், இணைப்புத் தருகிறவனுக்கும் ஒரே அலைச்சலில் வேலை முடியும். விலை பேச நமக்கும் பலம் வரும். தனி ஆள் கேட்டால் மனு, இருபது வீடு கேட்டால் பேரம்.

இரண்டாவது, கிராமசபை. வருஷத்துக்கு ஆறு முறை கூடுகிறது. அதில் ஒன்று மே 1, நம் நாள்! கணக்கெடுப்பு நோட்டோடு போய், பஞ்சாயத்துக்கு வந்த இழையை வீடுகளுக்குக் கொடுக்க வேண்டும் என்று தீர்மானம் போட வையுங்கள். தீர்மானத்தில் விலையையும் எழுதுங்கள்.

மூன்றாவது, பொதுவான இடம். 2020 டிசம்பரில் 'பி.எம்.-வாணி' என்று ஒரு ஏற்பாடு வந்தது. டீக்கடையோ, சங்க ஆபீஸோ, படிப்பகமோ, லைசென்ஸ் இல்லாமலே ஓர் இணைப்பை வாங்கிச் சுற்றியுள்ளவர்களுக்கு வைஃபை கொடுக்கலாம்; பதிவு பெற்ற ஓர் இடைநிலை அமைப்போடு சேர்ந்துகொண்டால் போதும். இதற்கு மிதமிஞ்சிய விலை கேட்டு வந்தார்கள். வீட்டுக்குக் கொடுக்கும் விலையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வாங்கக் கூடாது என்று 2025 ஜூனில் ஆணையம் உத்தரவிட்டது. ஒரு காலத்தில் படிப்பகத்தில் ஒருவர் பத்திரிகை படிக்க, பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்டோமே! அந்தப் பழக்கம் நமக்குப் புதிதல்ல. பி.எஃப். மனுப் போடத் தெரிந்த ஒரு பையனோ பெண்ணோ வாரத்தில் இரண்டு மாலை அங்கே உட்கார்ந்தால், கடைக்காரனிடம் ரகசிய எண்ணைக் கொடுக்க வேண்டியதில்லை. நூலகத்துக்கும் நாம் வீட்டு வரியோடு நூலக வரி கட்டுகிறோம். மாலை வேளையில் கூடுதல் நேரம் திறந்து வை, கம்ப்யூட்டரை வேலை செய்யும் நிலையில் வை என்று கேட்க நமக்குப் பாத்தியதை உண்டு.

நான்காவது, ஏமாறாமல் இருப்பது. இணைப்பு வாங்கும்போது ஐந்து கேள்வி கேளுங்கள். சொன்ன விலையில் வரி சேர்ந்திருக்கிறதா? பெட்டிக்கு டெபாசிட் எவ்வளவு, திரும்பக் கிடைக்குமா? ஆறு மாதம் முன்பணம் கட்டச் சொல்கிறார்களா? தொடக்கச் சலுகை முடிந்தபின் விலை என்ன? பழுதானால் எத்தனை நாளில் வருவார்கள்? பதில்களை ரசீதில் எழுதி வாங்குங்கள்.

"நெட் வந்தால் பிள்ளை கெட்டுப்போகும்" என்று தாய்மார்கள் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆன்லைன் ரம்மியில் சம்பளத்தைத் தொலைத்தவர்களை நாம் பார்த்திருக்கிறோம். 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களைத் தடை செய்து மத்திய சட்டம் வந்தது. சட்டம் மட்டும் போதாது, வீட்டிலும் கண் வேண்டும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பிள்ளை கையில் உள்ள சின்னப் போனில், போர்வைக்குள் நடப்பது உங்களுக்குத் தெரியாது. நடுவீட்டில் ஒரு கம்ப்யூட்டர், வீட்டுக்கு ஓர் இணைப்பு என்றால் எல்லோர் கண் முன்னாலும் நடக்கும். தாயும் உட்கார்ந்து கற்றுக்கொள்ளலாம்.

நம் கோரிக்கைகள்

ஒன்று: பஞ்சாயத்து வரை வந்த இழை வீடு வரை வர வேண்டும், வரியோடு சேர்த்து மாதம் 325 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது.

இரண்டு: படிக்கும் பிள்ளைகள் உள்ள, மிக ஏழ்மையான குடும்பங்களுக்கு 100 யூனிட் மின்சாரம் போல அடிப்படை இணைப்பு இலவசம்.

மூன்று: குறைந்த விலை இணைப்புக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. கூடாது.

நான்கு: மாதம் என்றால் மாதம். 28 நாள் தந்திரம் ஒழிய வேண்டும்.

ஐந்து: பி.எஸ்.என்.எல்.லுக்கு ஆளும் பணமும் கொடு.

ஆறு: நெட் இல்லை, சிக்னல் இல்லை, கைரேகை விழவில்லை என்ற காரணத்தால் எவருக்கும் கூலியோ, ரேஷனோ, பி.எஃப்.போ மறுக்கக் கூடாது. ஒவ்வொரு ஆபீஸிலும் காகித மனுவை வாங்க ஒரு ஜன்னலும், ஜன்னலுக்குப் பின்னால் ஒரு மனிதரும் இருக்க வேண்டும்.

பெரியவரே, ஆறாவது கோரிக்கை உங்களுக்காக. நெட் வேண்டாம் என்பவருக்கும் அவருடைய உரிமை கிடைக்க வேண்டும். வேண்டும் என்பவருக்கு எட்டும் விலையில் நெட் கிடைக்க வேண்டும். இரண்டும் ஒரே போராட்டம்தான்.

மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்த அந்தப் பெண் இன்று வளர்ந்துவிட்டாள். அவள் தம்பி அடுத்த வருஷம் பன்னிரண்டாம் வகுப்பு எழுதுகிறான். அவன் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் நாளில் வரிசையில் நின்று பத்து நிமிஷத்தில் முடிக்கக் கூடாது. வீட்டில், அக்காளோடு, அம்மாவோடு உட்கார்ந்து நிதானமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை இருக்கும். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை, கையில் நோட்டோடு உங்கள் தெருவிலிருந்து தொடங்குங்கள்.